என் பட்டியலில் விடுபட்ட வேலை

பம்மல் ஒர்க்‌ஷாப்பில் நான் சந்தித்த அந்த அலைன்மென்ட் மெக்கானிக்குக்கு என் வயதுதான் இருக்கும். ஒல்லியான ஆள், காதில் பென்சில். வண்டியைச் சோதிக்கும்போது பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, சாலையைப் பார்க்காமல், ஓட்டுபவரின் கைகளையே பார்ப்பார்.

மறுநாள் எனக்கு முதல் ஆஃப்ரோடு போட்டி. ஜீப்போ சமமான ஜிஎஸ்டி சாலையில்கூட நேராகப் போகவில்லை. வளைவில் திருப்பினால் ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வரவில்லை. டயர், டை ராட், பேரிங், ஸ்டீயரிங் பாக்ஸ் என்று பட்டியல் போட்டு, எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டேன். பட்டியலை அவரிடம் நீட்டினேன்.

"லிஸ்ட்டு நல்லாத்தான் கீது மேடம். முன்னாடி ஹைட்டு ஏத்தினது யாரு?"

"நான்தான். நீளமான ஷேக்கிள் மாட்டினேன்."

"அத்த மட்டும் லிஸ்ட்டுல காணோமே."

ஸ்பிரிங்கை வண்டியின் சட்டத்தோடு இணைக்கும் ஷேக்கிளை நீளமாக்கி உயரம் ஏற்றியபோது முன் அச்சு முன்பக்கமாகப் புரண்டு, கேஸ்டர் கோணம் குறைந்திருந்தது. சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருக்கிறதே, அதுபோன்ற சாய்வு அது. அதுதான் சக்கரத்தை நேராக்கும். ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவே இரும்பு ஆப்புகளை வைத்து அவர் அந்தச் சாய்வை மீட்டார்.

திருநீர்மலை வளைவில், "கைய எடுங்க" என்றார். எடுத்தேன். ஸ்டீயரிங் தானே சுழன்று நேராக நின்றது. சிரிப்பை அடக்க முடியாமல் அதே வளைவில் இன்னும் மூன்று முறை ஓட்டினேன்.

"போட்டி நாளிக்கிதான் மேடம்" என்றார் அவர்.

ஏற்றியது யார் என்று கேட்பதற்கு முன்பே, கிரீஸ் போகாத என் நகங்களை அவர் பார்த்திருப்பாரோ என்று இன்னும் யோசிக்கிறேன்.