கதண்டு கொட்டிய பெரியப்பா

கோவில்பத்தில் எங்கள் வீட்டுக்கும் பெரியப்பா வீட்டுக்கும் நடுவில் ஒரு தென்னைமரம். அது யாருடையது என்ற தகராறில் அப்பாவும் அவர் அண்ணனும் ஆறு வருடமாகப் பேச்சை விட்டிருந்தார்கள். மரத்தில் கதண்டு என்னும் விஷ வண்டு கூடு கட்டியதும் அது யாருக்கும் சொந்தமில்லாமல் போயிற்று. அவர் மரம், கூட்டை அழிக்கத் தீயணைப்புக்காரரை அவரே கூப்பிடட்டும் என்று இரண்டு வீட்டிலும் சொன்னார்கள்.

எங்கள் ஊர் ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது; பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை பதினாலு அணிவகுப்பு முடிந்து பதக்கங்களோடு அவர் வீடு திரும்பியபோது மட்டை ஒன்று கூட்டையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. ஏழெட்டுக் கொட்டுதான். முகம் வீங்கி, மூச்சு இழுத்து, கைகால் வெட்டி வெட்டி இழுக்கச் சாய்ந்தார். சுவரேறிக் குதித்து அவரைத் தூக்கியது அப்பாதான். வேட்டி கிழிந்ததை மருத்துவமனையில்தான் கவனித்தார்.

ஊசி போட்டுப் பிழைக்க வைத்தார்கள். ஆனால் மூளைக்கு ரத்தம் குறைந்ததில் புத்தி குழம்பியிருந்தது. நர்ஸுக்கு சல்யூட் அடித்துப் பிரெஞ்சில் ஏதோ அறிக்கை கொடுத்தார். பிறகு அப்பாவைப் பார்த்து, "தம்பி, சாப்ட்டியாடா?" என்றார். அப்பா வராந்தாவுக்குப் போய் அழுதார்.

"தெளிய ரெண்டு மூணு நாள் ஆகும். பேரு, ஊருன்னு கேட்டுக்கிட்டே இருங்க. எது ஞாபகம் வரலேன்னு எங்கிட்ட சொல்லுங்க," என்றார் டாக்டர். ஒன்பது வயதில், பெரியவர்களைக் கேள்வி கேட்கும் வேலை லேசில் கிடைக்காது. நானே எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் பெயர், ஊர், ராணுவ எண், என் கணக்கு மார்க் வரை சரியாகச் சொன்னார். கடைசியாகக் கேட்டேன்.

"எங்கப்பாகிட்ட ஏன் பேச மாட்டீங்க?"

இட்லிப் பொட்டலத்தோடு வந்த அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். அம்மா என் தொடையைக் கிள்ளினாள்.

பெரியப்பா கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார். "ஞாபகம் வரலியேம்மா."

தென்னைமரம், பஞ்சாயத்து, யார் யாரை என்ன திட்டினார்கள் என்று எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தேன். "எந்த மரம்?" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. டாக்டரிடம் ஓடினேன். "எல்லாம் வந்துருச்சுங்க. சண்ட மட்டும் வரல."

"அது வராதும்மா," என்று சிரித்துவிட்டு அன்றைக்கே அவரை அனுப்பிவிட்டார். அரைகுறையாகக் குணமானவரை அனுப்புகிறாரே என்று டாக்டர்மேல் எனக்கு ஒரே கோபம்.

ஆட்டோவில் அண்ணனும் தம்பியும் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். பாதி வழியில் பெரியப்பா மெதுவாக, "அந்த மரத்துல இன்னும் கதண்டு இருக்காடா?" என்று கேட்டார்.

எனக்கு உயிர் வந்தது. ஞாபகம் திரும்பிவிட்டது, டாக்டரிடம் சொல்ல வேண்டும், ஆட்டோவைத் திருப்புங்கள் என்று கத்தினேன். ஒருவரும் கேட்கவில்லை.