பசை எந்த நாட்டுக்கு ஆடினான்

இரண்டாம் பிரிவுக் கால்பந்தில் இடது ஓரத்துத் தற்காப்பு ஆட்டக்காரனாக இருப்பவனுக்கு யாரும் போஸ்டர் அடித்து ஒட்டுவதில்லை. கோல் போட்டவனுக்குக் கைதட்டல், கோல் விழுந்தால் இவனுக்கு அர்ச்சனை. அந்தப் பிழைப்பை அவன் பள்ளி முடித்த கையோடு தொடங்கினான். எதிரணிக்காரன் ஒருவனைப் பிடித்துக்கொண்டால் கடைசி விசில் வரைக்கும் விடமாட்டான் என்பதால் கிளப்பில் அவனுக்குப் ‘பசை’ என்று பெயர் வைத்தார்கள். வேகம் சுமார், உயரம் சுமார். ஆனால் பசையைத் தாண்டிப் போவதற்குள் எவனுக்கும் நாக்குத் தள்ளிவிடும்.

அம்மா உள்ளூர்க்காரி, மருத்துவமனையில் நர்ஸ். அப்பா வேறு நாட்டிலிருந்து லிஃப்ட் மெக்கானிக்காக வந்தவர். அந்த மருத்துவமனை லிஃப்ட் பாதியில் நின்றபோது உள்ளே இருந்தவள் அம்மா, கதவைத் திறந்தவர் அப்பா. “மாட்டிக்கிட்டது அவ, ஆனா இன்னிக்கு வரைக்கும் வெளிய வர முடியாம நிக்கறது நான்” என்று அவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அம்மா ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை.

வீட்டில் பேச்சு முழுக்க அம்மாவின் மொழிதான். கோபம் தலைக்கேறினால் மட்டும் அப்பா தன் மொழிக்குத் தாவுவார். ஆகவே அந்த மொழியில் பசைக்குத் தெரிந்தது திட்டு மட்டும். வணக்கம் சொல்லத் தெரியாது, நன்றி சொல்லத் தெரியாது. ‘கதவைச் சாத்து’, ‘எங்கே பார்த்துக்கொண்டு நிற்கிறாய்’, ‘தூங்கினது போதும்’ எல்லாம் தலைகீழ்ப் பாடம்.

இருபத்தேழு வயதில், இனி எங்கே என்று அவனே கைகழுவிவிட்ட நேரத்தில், அம்மா நாட்டுத் தேசிய அணியின் பயிற்சியாளர் வந்து அவன் ஆட்டத்தைப் பார்த்துவிட்டுப் போனார். பிறகு அவருடைய உதவியாளர் போன் செய்தார். “ரெடியா இருப்பா. அடுத்த சீசன்ல பாக்கலாம்.” பசைக்குத் தரையில் கால் பாவவில்லை. சின்ன வயதிலிருந்து அவன் தொலைக்காட்சிக்கு முன்னால் தொண்டை கிழியக் கத்திய அணி அது.

அதே மாதம் அப்பா நாட்டு அணியிலிருந்தும் அழைப்பு வந்தது. அவர்களுடைய இடது ஓர ஆட்டக்காரனுக்குக் கணுக்கால் முறிந்துவிட்டது, உலகக் கோப்பைத் தகுதிப் போட்டி நெருங்கிவிட்டது. இதில்தான் சிக்கல். நட்புப் போட்டி எத்தனை ஆடினாலும் பாதகமில்லை. தகுதிப் போட்டியில் இருபத்தொன்றைத் தாண்டிய அவன் வயதுக்காரன் ஒரு நிமிடம் இறங்கினாலும் தீர்ந்தது கதை, ஆயுசுக்கும் அந்த நாட்டு ஆட்டக்காரன்தான்.

“‘பாக்கலாம்’னு சொன்னவங்கள நான் நிறையப் பாத்துட்டேன். கூப்பிடற இடத்துக்குப் போடா” என்றாள் அம்மா.

“வேணாம்” என்றார் அப்பா.

“ஏம்ப்பா? அது உங்க நாடுதானே?”

“ஒண்ண எடுத்தா இன்னொண்ணு போயிடும். நீ பொறந்து வளந்தது இங்க. இங்கயே இரு.” பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

பசை தன் மூளையை உபயோகித்து மூன்றாவதாக ஒரு வழி கண்டுபிடித்தான். அப்பா நாட்டு அணியின் முகாமுக்குப் போவது, பெஞ்சில் உட்காருவது, இறங்கச் சொன்னால் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது என்று சொல்லிவிடுவது. விமானத்தில் நொண்டிக்கூடப் பார்த்துக்கொண்டான்.

முகாமில் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். முதல் நாள் சாப்பாட்டு மேசையில் அவனுக்கு உப்பு வேண்டியிருந்தது. எப்படிக் கேட்பது? எதிரே இருந்த கோல்கீப்பரைப் பார்த்து, “எங்க பாத்துக்கிட்டு நிக்கற? உப்பு!” என்றான். மேசையே சிரிப்பில் குலுங்கியது. “இவன் அப்படியே எங்கப்பாடா!” என்று கோல்கீப்பர் கண்ணில் நீர் வரச் சிரித்தான். அதன்பின் உப்பு, தண்ணீர், சோப்பு எது வேண்டுமானாலும் பசை திட்டித்தான் வாங்கவேண்டும் என்று ஆகிவிட்டது.

போட்டி நாளன்று திட்டப்படி பெஞ்சில் உட்கார்ந்தான். இரண்டாம் பாதியில் இடது ஓரத்தில் ஆடியவன் களைத்துப்போனான். எதிரணிக்காரன் அவனைத் திரும்பத் திரும்பத் தாண்டினான். பசைக்குப் பொறுக்கவில்லை. எப்போது எழுந்தான், எப்போது கோட்டருகே போனான் என்று அவனுக்கே தெரியாது.

“எங்கடா பாத்துக்கிட்டு நிக்கற? கதவச் சாத்துடா!”

வீட்டில் அதட்டு வாங்கி வளர்ந்த எல்லாப் பிள்ளைகளையும் போல அந்த ஆட்டக்காரன் சட்டென்று உள்பக்கம் ஓடி வழியை அடைத்தான். பந்து வெளியே போனது.

பயிற்சியாளர் திரும்பினார். “இந்த வாய இவ்ளோ நேரம் எங்க வச்சிருந்த? ஜாக்கெட்டக் கழட்டு.”

கெண்டைக்கால் பொய் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அவனுக்கு ஆட வேண்டும் போலிருந்தது, அதுவும் இவர்களோடு. கழற்றினான், இறங்கினான். மிச்ச நேரம் முழுக்க அவன் அதட்டல்தான் மைதானத்தில் கேட்டது. அப்படியும் ஒரு கோலில் தோற்றார்கள். அம்மா நாட்டு உதவியாளர், “நல்லா ஆடினீங்க” என்று ஒரு செய்தி அனுப்பினார், அத்தோடு சரி. பசை குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதான். ஆசைப்பட்டது போனால் யாருக்குத்தான் வலிக்காது.

அடுத்த போட்டிக்கு அப்பாவும் கூட வருவதாகச் சொன்னார். இருவரும் சேர்ந்தே விமானம் ஏறினார்கள்.

அப்பா நாட்டில் இறங்கியதும் குடியேற்றச் சோதனையில் இரண்டு வரிசைகள். பசைக்கு, அப்பா வழியில், அந்த நாட்டுப் பாஸ்போர்ட் கிடைத்திருந்தது. குடிமக்கள் வரிசையில் ஆளே இல்லை. அதிகாரி முகத்தைப் பார்த்ததும் சிரித்து, முத்திரை குத்தி அனுப்பினார். திரும்பிப் பார்த்தால் அப்பாவைக் காணோம். வெளிநாட்டவர் வரிசையின் கடைசியில் நின்றுகொண்டிருந்தார். அம்மாவோடு குடித்தனம் நடத்த, அம்மா நாட்டுக் குடியுரிமை வாங்க, அந்தக் காலச் சட்டப்படி தன் பழைய பாஸ்போர்ட்டை, பசை பிறந்த பிறகு, அவர் என்றோ ஒப்படைத்துவிட்டார். அதை யாரிடமும் சொல்லவில்லை.

பசை சோதனைக் கோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் காத்து நின்றான். அப்பாவின் முறை வந்தது. இளவயது அதிகாரி ஒருத்தி, ஊருக்குப் புதியவர்களிடம் பேசுவதுபோல் நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். பசை இப்போது அந்த மொழியை ஓரளவு பிடித்திருந்தான்.

“முதல் தடவை வர்றீங்களா சார்? இங்க உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?”

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். கோட்டுக்கு இந்தப் பக்கம் கையை நீட்டினார்.

“அதோ நிக்கறான் பாருங்க, என் பையன். அவன் இந்த நாட்டுக்காரன்.”