வண்டி யார் பேரில்?

மோட்டார் பட்டறைகளில் அவருக்கு ‘டேமேஜ்’ என்று பெயர். அடிபட்ட கார்களைப் பார்வையிட்டு, இவ்வளவுதான் நஷ்டம் என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுப்பது வேலை. சட்டைப் பையில் எப்போதும் ஒரு டார்ச் இருக்கும். யார் வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும் முதலில் சாப்பாட்டு மேசையின் காலை ஆட்டிப் பார்ப்பார். சொந்த மாமனாரைத் தட்டிப் பார்க்காமல் விட்டதற்குக் காரணம் மரியாதை அல்ல, மனைவியின் முறைப்பு.

சாப்பிட உட்கார்ந்தால் ஃபோன் வரும். கார் பள்ளத்தில் கவிழ்ந்து கிடந்தாலும், ஓட்டியவர் எதிர்முனையில் அழுதாலும், அவருடைய முதல் கேள்வி மாறாது: “வண்டி யாரு பேர்ல இருக்கு?” அவர் வாயைத் திறக்கும்போதே மனைவியும் சத்தமில்லாமல் அதே கேள்வியை உதட்டில் சொல்லிக் காட்டுவார்.

மனைவி பிசியோதெரபிஸ்ட். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பல வருடங்களாக அடுத்தவர் முதுகை நிமிர்த்தித் தன் முதுகை வளைத்துக்கொண்டவர். நோயாளியிடம் ஆஸ்பத்திரி வாங்கும் கட்டணத்துக்கும் இவருக்குத் தரும் சம்பளத்துக்கும் இடையில் ஒரு லாரியை நிறுத்தலாம். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய அறை, அதில் ஒரு கட்டில், வாசலில் தன் பெயர்ப் பலகை. இவ்வளவுதான் ஆசை. அதற்கான பணம் வங்கியில் சேர்ந்துவிட்டது. அது தொடக்கூடாத பணம் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அவருடைய தம்பியைத் தவிர.

தம்பி ஒரு விமானக் கம்பெனியில் ஸ்டீவர்ட், பறக்கும்போது பயணிகளுக்குச் சாப்பாடு பரிமாறுபவன். மிகப் பெரிய கம்பெனியும் இல்லை, தகர டப்பாவும் இல்லை, நடுத்தரம். ஒரு நாள் சீருடையோடு வந்து சோபாவில் உட்கார்ந்தான்.

“அக்கா, பெரிய கம்பெனிப் பங்கெல்லாம் ஏற வேண்டியது ஏறி முடிஞ்சிடுச்சு. குட்டிக் கம்பெனி எப்ப மூழ்கும்னே தெரியாது. எங்களுது மாதிரி நடு சைஸ்தான் வளரும்.”

“என்னடா, சட்டை எடுக்கற மாதிரி பேசற?” என்றார் டேமேஜ்.

“சிரிக்காதீங்க மாமா. அக்கா பணத்தை இதுல போட்டா, ஒரு ரூமுக்குப் பதிலா ரெண்டு ரூம் திறக்கலாம்.”

மனைவி கணவரைப் பார்த்தார். “ஊர்ல இருக்கற காருக்கெல்லாம் விலை போடறீங்க. இதையும் பாத்துச் சொல்லுங்களேன்.”

அதுதான் தப்பாகப் போயிற்று. டேமேஜ் டிக்கெட் வாங்கி, மச்சான் வேலை பார்க்கும் விமானத்திலேயே ஏறிவிட்டார். படியில் நின்று கதவின் ஓரத்தை விரலால் சுண்டினார். இருக்கைக்கு அடியில் தலையை விட்டு டார்ச் அடித்தார். பக்கத்துச் சீட்டு அம்மாள் பயந்துபோய் பெல்லை அழுத்த, மச்சான் ஓடிவந்து, “பயப்படாதீங்க மேடம், எங்க மாமாதான். எங்க போனாலும் இப்படித்தான்” என்று கெஞ்ச வேண்டியதாயிற்று. கழிப்பறைக் கதவின் கீல் சத்தம் போடுகிறதா என்று அவர் திறந்து மூடிக்கொண்டே இருந்ததில், பின்னால் வரிசை நீண்டது.

திரும்பி வந்து தீர்ப்புச் சொன்னார். “பெயிண்ட் உரியலை. சீட்டுல கிழிசல் இல்லை. ஒரு இடம்கூடக் காலி இல்லை. தாராளமா வாங்கலாம்.”

படித்தவர்கள் சிரிக்க அவசரப்பட வேண்டாம். தொலைக்காட்சியில் கோட்டுப் போட்டுக்கொண்டு, விலை ஏறி இறங்கிய கோட்டைப் பார்த்து நாளைய விலையைச் சொல்கிறாரே, அவரும் கைரேகை பார்ப்பவரும் ஒரே தொழிலில்தான் இருக்கிறார்கள். டேமேஜாவது நேரில் போய்த் தட்டிப் பார்த்தார்.

தம்பி அடுத்த விடுமுறை நாளில் கையெழுத்து வாங்க வந்தான். காலை உணவு மேசையில் மூவரும் உட்கார்ந்தார்கள். மனைவி பேனாவை எடுத்தார், மூடியைத் திறந்தார், கணவர் பக்கம் திரும்பினார்.

“ஏங்க, அந்த விமானம் யாரு பேர்ல இருக்கு?”

டேமேஜின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது.

“அதை… கேக்கலை.”

“தலைகீழாக் கிடக்கற காருக்கே கேப்பீங்களே.”

அவர் கையைக் கழுவாமலே ஃபோனை எடுத்தார். பங்குதாரர்களின் சந்தேகம் தீர்க்க அந்தக் கம்பெனி ஒரு பெண்ணை உட்காரவைத்திருந்தது. ஸ்பீக்கரில் அந்தக் குரல் தேனாக வந்தது.

“எல்லாமே வாடகை விமானம்தான் சார்.”

“ஒண்ணுகூடச் சொந்தமில்லையாம்மா?”

“கொஞ்சம் இருந்தது சார். போன வருஷம் வித்துட்டு, அதையே வாடகைக்கு எடுத்துக்கிட்டோம்.”

“அப்ப போன வருஷம் காட்டின லாபம்?”

“பெரும்பாலும் அந்த விற்பனையில வந்ததுதான் சார். ஆண்டறிக்கையிலயே போட்டிருக்கோமே.”

“டிக்கெட் வித்ததுல?”

“அதுல கொஞ்சம் நஷ்டம் சார். சீட்டெல்லாம் நிரம்பணும்னு விலையைக் குறைச்சிருக்கோம்.”

வாடகை விமானத்தில் பறப்பது குற்றமில்லை. எத்தனையோ நல்ல கம்பெனிகள் அப்படித்தான் பறக்கின்றன. ஆனால் குடியிருக்கும் வீட்டை விற்றுவிட்டு, அதே வீட்டில் வாடகைக்கு உட்கார்ந்துகொண்டு, விற்ற காசைக் காட்டி ‘இந்த வருஷம் என் சம்பளம் கூடிவிட்டது’ என்பவனை என்ன சொல்வது? அடுத்த வருடம் விற்க வீடு இருக்காது. வாடகை மட்டும் தவறாமல் வரும்.

டேமேஜ் ஃபோனை வைத்தார். மனைவி பேனாவை மூடினார்.

“உனக்கு இதெல்லாம் தெரியுமாடா?”

தம்பி தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “பாதி தெரியும். ஆளாளுக்குச் சொந்தக்காரங்களைப் பங்கு வாங்க வைக்கணும்னு மேனேஜர் சொல்லிட்டார்க்கா. பிரமோஷன் அதைப் பொறுத்துத்தானாம்.”

“அதுக்கு நான்தான் கிடைச்சேனா?”

“எனக்கு வேற யாரு இருக்கா?”

அக்கா பேனாவைத் தள்ளி வைத்தார். “உங்க முதலாளி எவ்வளவு வாங்கினாராம்?”

“அவர்… கொஞ்சம் வித்திருக்கார்.”

முதலாளி கதவு வழியாக வெளியே போய்க்கொண்டிருக்கிறார். சாப்பாட்டுத் தட்டு தூக்குகிறவன் அக்காவைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவர வேண்டும். அந்தக் கம்பெனிச் சுவரில் ‘நாம் ஒரே குடும்பம்’ என்று எழுதி மாட்டியிருக்கிறார்களாம். குடும்பத்தை இவ்வளவு கேவலமாக யாரும் திட்டியதில்லை.

அந்த வாரமே வாடகைக்கு அறை பார்க்கப் போனார்கள். டேமேஜ் சுவரைத் தட்ட டார்ச்சை எடுத்தார், மனைவி இருமினார். அவர் டார்ச்சைப் பையில் போட்டுவிட்டு, “கட்டடம் யாரு பேர்லங்க?” என்றார். முன்பணம் வாங்கக் கையை நீட்டியிருந்த மனிதர் அசடு வழிந்தார். கட்டடம் அவர் மாமியார் பேரில் இருந்தது. மாமியாருக்கு விஷயமே தெரியாது. பிறகு அந்த அம்மாளே வந்து கையெழுத்துப் போட்டு, முன்பணத்தை எண்ணித் தன் பையில் வைத்துக்கொண்டார். மருமகன் கதவுக் கொண்டியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

அந்தப் பங்கு உடனே விழுந்துவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். விழவில்லை. சில மாதம் ஏறியது. தம்பி விலையைப் படமெடுத்து அனுப்பிக்கொண்டே இருந்தான். டேமேஜ் முகம் தொங்கிப்போய், “கொஞ்சமாவது போட்டிருக்கலாமோ?” என்று முனகினார்.

“ஏறினா ஏறட்டும்,” என்றார் மனைவி. “எதை வாங்கறோம்னு தெரியாம வாங்கலை. அவ்வளவுதான்.”

ஒரு நாள் அந்தப் படங்கள் வருவது நின்றது. கொஞ்ச நாள் கழித்துத் தம்பியே அக்காவின் அறைக்கு வந்தான். சீருடை இல்லை, முதுகு வளைந்திருந்தது. வாடகை வராததால் விமானங்களை உரியவர்கள் வந்து ஓட்டிக்கொண்டு போய்விட்டார்களாம். இவன் வேறு கம்பெனியில் பெட்டி தூக்குகிறானாம். தூக்கியதில் முதுகு பிடித்துக்கொண்டதாம்.

அறையின் நடுவில் இருந்த கட்டிலை ஒரு பார்வை பார்த்தான். “இது சொந்தமாக்கா, வாடகையா?”

“சொந்தம்டா,” என்றார் அக்கா. “குப்புறப் படு.”