பைன் கொட்டைச் சுண்டல்

நேற்று மில்பிடாஸ் கடையிலிருந்து என் மனைவி வித்யா ஒரு பாக்கெட் பலாக்கொட்டை வாங்கி வந்தாள். குக்கரைத் திறந்ததும் எழுந்த மாவு வாசனைக்கு நான் சமையலறையை விட்டே வெளியே வந்துவிட்டேன். "என்னாச்சுங்க, ஆசையா சாப்பிடுவீங்களே?" என்றாள். அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. உங்களிடம் சொல்கிறேன். என்னைப் பற்றி நல்ல அபிப்பிராயம் ஏதாவது வைத்திருந்தால் இப்போதே எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள்.

இங்கே நாங்கள் முதலில் வாங்கிய காண்டோ குடியிருப்பில், பார்க்கிங் ஓரமாக ஒரு பன்யா பைன் மரம் நின்றது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஜாதி. பைன் என்றதும் உள்ளங்கையில் அடங்குகிற கூம்பை நினைத்துக்கொள்ளாதீர்கள். இதன் காய் சின்னப் பலாப்பழம் அளவு இருக்கும். பிளந்தால் செதிலுக்கு ஒன்றாகப் பெரிய பெரிய கொட்டைகள்.

கீழ்வீட்டு மல்லிகா அக்காவுக்கு அந்த மரம் என்றால் உயிர். தூத்துக்குடிக்காரர்; பிரிஸ்பேனில் பத்து வருஷம் இருந்துவிட்டு இங்கே வந்தவர். அங்கே ஆதிகுடிகள் இது காய்க்கும் காலத்தில் எங்கெங்கிருந்தோ வந்து கூடுவார்களாம், நெருப்பில் சுட்டுத் தின்பார்களாம், மாவாக்கி ரொட்டி போடுவார்களாம். அக்கா தன் பங்குக்கு நவராத்திரியில் அதை வேகவைத்துத் தேங்காய், மாங்காய் போட்டுச் சுண்டல் செய்வார். "பலாக்கொட்டை கணக்கா இருக்கும் தம்பி, தின்னு பாருங்க" என்று டப்பாவை நீட்டுவார்.

நான் தின்னவில்லை. பார்க்கிங்கில் பொறுக்கியதாயிற்றே என்று ஓர் அருவருப்பு. ஊரில் மண்ணில் விழுந்த மாம்பழத்தைச் சட்டையில் துடைத்துக் கடித்தவன்தான் நான். அமெரிக்கா வந்ததும் துரைக்கு நாக்கு மாறிவிட்டது! வித்யா வேலையிலிருந்து வருவதற்குள் குப்பையில் கொட்டிவிடுவேன். டப்பாவைச் சும்மா திருப்பிக் கொடுக்கிற வழக்கம் இரண்டு வீட்டிலும் கிடையாது. அதனால் வித்யா முறுக்கோ தட்டையோ நிரப்பித் தருவாள், நான் கொண்டுபோய்க் கொடுத்து, "சூப்பர் அக்கா, மிச்சமே இல்ல" என்பேன். அக்காவின் முகம் மலரும். இரண்டு நாளில் இன்னொரு டப்பா வரும்.

பிறகு நான் புதுக் கார் வாங்கினேன். மூன்றாவது வாரம் ஒரு காய் விழுந்து பானெட் பள்ளமாகிவிட்டது. ஆத்திரத்தில் குடியிருப்போர் அசோசியேஷனுக்கு ஈமெயில் எழுதினேன், மரத்தை வெட்டச் சொல்லி. குழந்தைகள் விளையாடுகிற இடம், உயிருக்கே ஆபத்து என்று எழுதினேன். அங்கே ஒரு குழந்தையும் விளையாடி நான் பார்த்ததில்லை.

அசோசியேஷன் மீட்டிங்குக்கு முதல் நாள் அக்கா கதவைத் தட்டினார். "மரத்த வெட்டணும்னு யாரோ கம்ப்ளெயின்ட் பண்ணிருக்காங்க தம்பி. காய் விழுறதுக்கு முன்னாடி ஆள் வச்சு இறக்கிடலாம்னு நான் சொல்லப் போறேன். நீங்களும் ஒரு வார்த்தை பேசுங்க. உங்களுக்குத்தான் அது அவ்ளோ பிடிக்குமே!"

"கண்டிப்பா அக்கா" என்றேன்.

மறுநாள் அக்கா எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலைவர் புகார் ஈமெயிலை முழுசாகப் படித்து, கடைசியில் என் பெயரையும் படித்தார். அக்கா திரும்பி ஒரே ஒருமுறை என்னைப் பார்த்தார். பேச எழுதி வந்திருந்த தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். வெட்டச் சம்மதிக்கிறவர்களைக் கையைத் தூக்கச் சொன்னபோது நான் தூக்கவில்லை. அதுவும் யோக்கியதையால் அல்ல, பயத்தால். நான் தூக்காமலே மரம் போயிற்று.

இப்போது அந்த இடத்தில் இரண்டு கார் நிறுத்தலாம். அக்கா குடும்பத்தோடு டல்லாஸ் போய்விட்டார். கிளம்பிய அன்று காலை எங்கள் வாசலில் எங்கள் டப்பா இருந்தது, அக்காவின் டப்பா போதாமல் கடைசித் தடவை நாங்கள் முறுக்கு போட்டுக் கொடுத்தது. நன்றாகத் தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்து வைத்திருந்தார். அந்த வீட்டிலிருந்து டப்பா காலியாக வந்தது அன்றைக்குத்தான்.