தேரன்று பார்த்த கல்லூரி

பிளஸ் டூ பிள்ளைகளைக் கல்லூரிகளுக்கு அழைத்துப்போய்க் காட்ட எது சரியான சமயம் என்று எங்கள் பள்ளி ஆசிரியர் அறையில் வருஷா வருஷம் வாக்குவாதம் நடக்கும். பிளஸ் ஒன்னிலேயே என்பார் ஒருவர். மார்க் வந்தபிறகு போதும் என்பார் இன்னொருவர். வகுப்பு நடக்கிற நாளாக இருக்கவேண்டும் என்பதில் மட்டும் எல்லாரும் ஒரே கட்சி. நான் வாயைத் திறப்பதில்லை. என் கல்லூரியை நான் முதன்முதலில் பார்த்தது ஈ காக்கைகூட இல்லாத ஒரு விடுமுறை நாளில். அந்த நாள் இல்லையென்றால் இந்த ஆசிரியர் அறைக்கே நான் வந்திருக்க மாட்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். அப்பா ஸ்ரீவைகுண்டம் தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. நான் அப்போதுதான் பிளஸ் டூவில் கால் வைத்திருந்தேன். பாளையங்கோட்டையில் ஒரு மகளிர் கல்லூரியில் கெமிஸ்ட்ரி படிக்கவேண்டும் என்று எனக்கு ஆசை. அம்மாவின் அண்ணன், என் மாமா, குறுக்கே நின்றார். "பொம்பளப்பிள்ள தெனமும் ரயில்ல போயிட்டு வரணுமாக்கும்? தபால்ல பி.ஏ. படிச்சாப் போதாதா?" மாமா சொல்லை அம்மா தட்டமாட்டாள். கெமிஸ்ட்ரியை யாராவது தபாலில் படிக்க முடியுமா? அழுதேன், இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தேன். கடைசியில் அப்பா தீர்ப்புச் சொன்னார். "காலேஜக் கண்ணால பாப்போம். எனக்குப் பிடிச்சா கெமிஸ்ட்ரி. பிடிக்கலேன்னா தபால்தான். அப்புறம் மூச்சு விடக்கூடாது."

பஞ்சாங்கம் பார்த்து அவரே நாள் குறித்தார். அன்று திருநெல்வேலியில் ஆனித் தேரோட்டம். காலையில் கல்லூரி, அப்படியே டவுணுக்குப் போய்த் தேர் என்று கணக்குப் போட்டு ஆபீஸில் லீவு எழுதிக் கொடுத்தார். மாவட்டம் பிரிந்ததில் ஸ்ரீவைகுண்டம் தூத்துக்குடிப் பக்கம் போய்விட்டது. தேருக்கு எங்கள் ஊரில் விடுமுறை கிடையாது. திருநெல்வேலி மாவட்டத்துக்கு உண்டு என்பது, ஊருக்கெல்லாம் அரசாணை படித்துச் சொல்லும் அப்பாவுக்கு உறைக்கவில்லை. எனக்கும்தான்.

ரயிலில் தேருக்குப் போகிற கூட்டம். பாளையங்கோட்டையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் பிதுங்கி இறங்கி, நடந்து, கல்லூரிக்குப் போனால் கேட் சாத்தியிருந்தது. அப்பா கம்பி வழியே எட்டிப் பார்த்தார்.

"ஏட்டி, ஒரு பிள்ளையக் காணும்? இங்கன யாரும் சேர மாட்டாகளோ?"

நல்லவேளை, காவலாளி வந்தார். "இன்னைக்குத் தேருல்லா அண்ணாச்சி! காலேஜு லீவுல்லா!"

அப்பா அசடு வழிந்தார். போய்விட்டு இன்னொரு நாள் வரலாம் என்றார். இன்னொரு லீவு கிடைப்பதற்குள் மாமா அவர் மனதைக் கரைத்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நகர மாட்டேன் என்று நின்றேன். காவலாளிக்கே பாவமாகிவிட்டது. "கெமிஸ்ட்ரி லேபுல ஒரு அக்கா இருக்காக. பைய போய்ப் பாத்துட்டு வாங்க."

மறுநாள் வகுப்புக்குக் கரைசல் கலக்க வந்த லேப் உதவியாளர் அந்த அக்கா. தேர் பார்க்க விடாமல் வேலை வாங்குகிறார்களே என்ற கடுப்பில் இருந்தார். கரைசலைச் சொட்டுச் சொட்டாக அளந்து விடும் கண்ணாடிக் குழாயான பியூரெட், எங்கள் பள்ளியில் எட்டுப் பேருக்கு ஒன்று. இங்கே மேசைக்கு மேசை பியூரெட் நின்றது. நான் வாயைப் பிளந்தேன். அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "இத வச்சு என்னதான் செய்வாக?" என்றார்.

விளக்கிச் சொல்ல அக்காவுக்கு நேரமில்லை. குடுவையை அப்பா கையிலேயே கொடுத்துவிட்டார். "இந்தக் குழாயத் தொறங்க. சொட்டுச் சொட்டா விடணும். குடுவைய ஆட்டிக்கிட்டே இருங்க."

அப்பா விட்டார். தண்ணீர் மாதிரிதான் இருந்தது. இன்னும் விட்டார். திடீரென்று ஒரே ஒரு சொட்டில் குடுவை முழுக்க ரோஸ் நிறமானது. "ஏ யப்பா!" என்று கத்தியேவிட்டார். "இன்னொரு மட்டம் செய்யட்டுமா?" மூன்று மட்டம் செய்தார். இரண்டாவதில் அவசரப்பட்டுக் குழாயைத் திறந்துவிட்டு அக்காவிடம் ஏச்சு வாங்கினார். தாலுகா ஆபீஸில் யாரும் அவரை ஏசி நான் பார்த்ததில்லை. அன்று அதற்கும் சிரித்தார். நாங்கள் டவுண் போய்ச் சேர்ந்தபோது தேர் எங்களைத் தாண்டிப் போயிருந்தது. பின்புறத்தைப் பார்த்துத்தான் கும்பிட்டோம்.

கல்லூரி பிடித்ததா இல்லையா என்று திரும்பும்போது ரயிலில் அப்பா சொல்லவில்லை. கேட்டுக் கெடுத்துக்கொள்ளப் பயந்து நானும் கேட்கவில்லை. வருஷம் முழுக்க அந்தப் பயத்திலேயே படித்தேன்.

மார்க் வந்ததும் விண்ணப்பத்தை அவரே போய் வாங்கிவந்தார். சேர்க்கையன்று மாமாவும் கூடவே வந்தார், கடைசி நேரத்திலாவது கலைத்துவிடலாம் என்று. "ஏம்மா கெமிஸ்ட்ரி?" என்று முதல்வர் கேட்டார். ஒரு மாதமாக மனப்பாடம் செய்த பதிலை நான் தொடங்குவதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"ஒரே சொட்டுதான் மேடம், நெறம் மாறிரும். நானே செஞ்சு பாத்திருக்கேன்." பிறகு மாமா பக்கம் திரும்பி, "தபால்ல அது வராது அத்தான்" என்றார்.