டைமிங் பார்த்த ஞாயிறு

என் கணவர் என்னைக் கேட்காமலே என் காரை விற்கப் பேசிவிட்டார். சுங்கை புரோங்கிலிருந்து ஒருவர் ஞாயிறு மாலை பார்க்க வருவதாக ஏற்பாடு. எனக்கு அது தெரிந்தது வெள்ளிக்கிழமை. அன்றிலிருந்து நான் அவரோடு பேசவில்லை. சோறு போட்டு வைத்தேன், அவ்வளவுதான்.

கார் பழசுதான். ஆனால் நாங்கள் குடியிருக்கும் செம்பனைத் தோட்டத்திலிருந்து தஞ்சோங் காராங்கில் நான் சமைக்கும் பள்ளிக் கேன்டீனுக்கு அதில்தான் போய்வருகிறேன். ஒரு மாதமாக அதற்கு இழுவை இல்லை. பெட்ரோல் குடித்தது, சூடேறியது. "இஞ்சின் போச்சு" என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

ஜெராமில் பட்டறை வைத்திருக்கும் என் அண்ணனுக்குப் போன் போட்டேன். "இஞ்சின் போகல லா. பிளக்குல பொறி அடிக்கிற டைமிங் பின்னால போயிருக்கும். வண்டிய நிறுத்திட்டு, பிளக்குக்கெல்லாம் கரண்ட் பிரிச்சு அனுப்புற டிஸ்ட்ரிபியூட்டரப் பிடிச்சு ஆட்டிப் பாரு" என்றார். ஆடியது. அதைப் பிடித்திருக்கும் போல்ட் தளர்ந்திருந்தது. சனிக்கிழமை போய், பொறி அடிக்கும் நேரத்தைச் சரிபார்க்கும் அவருடைய டைமிங் லைட்டை வாங்கி வந்தேன்.

ஞாயிறு காலை இஞ்சினைச் சூடாக்கி, முதல் பிளக்கின் வயரில் லைட்டை மாட்டினேன். லைட்டைக் குறி பார்த்துப் பிடித்தால் டிஸ்ட்ரிபியூட்டர் கைக்கு எட்டவில்லை. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் கணவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து அதைப் பிடித்தார்.

"எந்தப் பக்கம்?"

பதில் சொல்லாமல் இருக்க முடியாது. "இடது பக்கம். மெதுவா."

லைட் விட்டுவிட்டு அடிக்க, சுழலும் புல்லியில் நான் வெள்ளை பூசியிருந்த கோடு நின்றதுபோல் தெரிந்தது. பக்கத்தில் இருக்கும் அளவுக் குறிகளில் பத்து டிகிரிக்கு வர வேண்டியது, பூஜ்யத்துக்கும் கீழே கிடந்தது.

"இன்னும் கொஞ்சம். ஐயோ, தாண்டிப் போச்சு! திரும்பக் கொண்டு வாங்க." இரைச்சலில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. கத்தியதில் மனசு கொஞ்சம் லேசானது. "போதும்! அங்கயே பிடிங்க."

அவர் போல்ட்டை இறுக்கினார். மறுபடி லைட் அடித்துப் பார்த்தேன். கோடு அசையவில்லை.

அவரையே ஓட்டச் சொன்னேன். செம்பனைக்கு நடுவே மண் சாலை, பிறகு கால்வாய்ப் பாலம். பாலத்து மேட்டில் கியரைக் குறைக்காமல் மூன்றிலேயே கார் ஏறியது.

"என்னக் கேட்டிருக்கலாம் இல்ல?" என்றேன்.

"கேட்டா வேணாம்னு சொல்லுவ. நீ தனியா வழியில நின்னுடுவியோன்னு பயமா இருந்துச்சு." கொஞ்ச தூரம் போனபின், "கேட்டிருக்கணும். தப்புதான்" என்றார்.

மாலை கார் பார்க்க வந்தவரிடம், விற்கவில்லை என்று சொல்லி என் கணவரே மலாயில் மன்னிப்புக் கேட்டார். இவ்வளவு தூரம் வந்தேனே என்று அந்த மனிதருக்கு வருத்தம். உட்காரச் சொல்லித் தேநீர் போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனார்.