மாட்டுக் கொட்டிலில் வெடித்த தோட்டாக் கூடுகள்

"துப்பாக்கிக்கு வாய் எது, வால் எதுன்னு தெரியாத பொண்ணுகிட்ட ஸ்டோர் சாவியைக் கொடுக்கறதா? நல்ல கதையா இருக்கே!"

இப்படிச் சொன்னவர் நான் வேலை பார்க்கும் ரைபிள் கிளப்பின் செயலாளர். ராணுவத்தில் மேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் அடுத்த அறையில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு மூங்கில் தட்டிதான். மேஜர் ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டுதான் பேசினார். ஆயுள் முழுவதும் துப்பாக்கிச் சத்தம் கேட்ட காதுக்கு எது மெது, எது உரக்க என்று தெரியாது. அவருடைய ரகசியங்கள் அடையாறு பஸ் நிறுத்தம் வரைக்கும் கேட்கும்.

எனக்குத் துப்பாக்கியின் வாயும் தெரியும், வாலும் தெரியும். பழைய ஸ்டோர் கீப்பர் சித்திரையில் வேலையை விட்டுப் போனதிலிருந்து அவர் வேலையை நான்தான் செய்துவந்தேன். ரைபிள்களை எண்ணுவது, எண்ணெய் போட்டார்களா என்று பார்ப்பது, யார் எத்தனை தோட்டா வாங்கினார்கள் என்று எழுதுவது எல்லாம் நானே. சாவி மட்டும் மேஜரின் கால்சட்டைப் பையில் இருக்கும். காலையில் அவர் வந்து பூட்டைத் திறந்துவிட்டுப் பத்திரிகை படிப்பார். மாலையில் பூட்டிக்கொண்டு போவார். இதற்குப் பாதுகாப்பு ஏற்பாடு என்று பெயர்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். எஸ்.எஸ்.எல்.சி.யும் டைப்ரைட்டிங் ஹையரும் முடித்திருந்தேன். மயிலாப்பூரில் கால்வாய் ஓரம் எங்கள் வீட்டு வரிசையில் யாருக்குக் கடிதம் வந்தாலும் என்னிடம்தான் வரும். அந்த மரியாதையில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. கிளப்புக்கு விண்ணப்பம் போட்டபோது தகப்பனார் தொழில் என்ற இடத்தில் 'உலோகத் தொழில்' என்று எழுதினேன். என் நைனா பித்தளைப் பாத்திரம் தட்டுகிறவர். நசுங்கிய குடத்தை நிமிர்த்துவார், ஓட்டை விழுந்த அண்டாவுக்கு ஒட்டுப் போடுவார். 'உலோகத் தொழில்' என்பது பொய் ஆகாது. படித்தவர்களோடு பழகப் பழக, பொய் ஆகாத வார்த்தைகள் தானாக வந்துவிடுகின்றன.

ஸ்டோர் கீப்பர் வேலை எனக்கு வேண்டும். அது நிரந்தர வேலை. டைப்பிஸ்டு வேலை அவர்கள் மனம் போனபடி.

மேஜரிடம் ஒரு பழைய வேட்டை ரைபிள் இருந்தது. ஊருக்குக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கியது. அதற்கான தோட்டா வெளிநாட்டிலிருந்து வருவது நின்றுபோய்ப் பல வருடம் ஆகியிருந்தது. வேறு ரைபிளை வாங்கலாம்தான். ஆனால் வக்கீல் ஒருவர் குறுக்கே வந்தார். மயிலாப்பூர்க்காரர், கிளப்பின் உறுப்பினர், அமெரிக்கப் புத்தகம் ஒன்று வைத்திருப்பவர். எந்தக் கம்பெனியும் விற்காத, அவரவர் தாமே வடிவமைத்துக்கொள்ளும் தோட்டாவுக்கு அமெரிக்காவில் 'வைல்ட்கேட்' என்று பெயராம். கிடைக்கிற ஒரு தோட்டாவின் பித்தளைக் கூட்டை எடுத்து, அச்சில் வைத்து அழுத்தி, குண்டு உட்காரும் கழுத்தைச் சிறிதாக்க வேண்டும். துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறையையும் அதே அளவுக்குக் கடைந்துகொள்ள வேண்டும். அவ்வளவுதான், உலகத்தில் இல்லாத தோட்டா ஒன்று சென்னையில் பிறந்துவிடும்.

கமிட்டி உடனே வேலையில் இறங்கியது. முதல் மூன்று கூட்டங்களில் அதற்குப் பெயர் வைத்தார்கள். மேஜரின் பெயரில் இருந்த எழுத்துகள் முதலில் வருவதா, வக்கீலின் எழுத்துகளா என்பதில் ஒரு கூட்டம் முழுக்கப் போயிற்று. போலீஸ் அலுவலகத்துக்கு அனுமதி கேட்டு நான் மூன்று பிரதிகளில் கடிதம் அடித்தேன். அங்கே இருந்த குமாஸ்தா கடிதத்தை இரண்டு தரம் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இன்னாமா இது, லிஸ்ட்லயே இல்லாத தோட்டாவா கீது?"

"இனிமேதான் சார் செய்யப் போறாங்க."

"இன்னும் பொறக்காத கொயந்தைக்கு ரேஷன் கார்டு கேக்கற மாதிரி கீது."

ஆனாலும் நாலு மாத நடைக்குப் பிறகு அனுமதி கிடைத்தது. மவுண்ட் ரோட்டில் லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடைக்காரர் அறையைக் கடைந்து கொடுத்தார். ரைபிள் பளபளவென்று திரும்பி வந்தது. அதில் போடுவதற்கு உலகத்தில் ஒரு தோட்டாகூடக் கிடையாது. மேஜர் அதைத் தோளில் வைத்துப் பார்த்து மிகவும் சந்தோஷப்பட்டார்.

கூடு செய்கிற பொறுப்பு வக்கீலுடையது. அச்சும் அழுத்தும் எந்திரமும் அவர் வீட்டில் இருந்தன. வீட்டில் என்றால் வீட்டுக்குள் இல்லை.

"உயிரைக் கொல்ற சாமானை ஆத்துக்குள்ள கொண்டு வரப்படாதுன்னுட்டா என் ஆத்துக்காரி. மாட்டுக் கொட்டில்ல கல்தூண் நன்னா கனமா இருக்கு. அதுல முடுக்கி வெச்சுண்டு பண்றேன்."

அவருடைய புத்தகத்தில் ஓர் அத்தியாயத்தை உறுப்பினர்களுக்காக டைப் அடித்தவள் நான். அழுத்திச் சிறிதாக்கிய பிறகு கூட்டின் வாய்ப்பக்கத்தை மட்டும் நெருப்பில் காட்டி இளக்க வேண்டும் என்று அதில் தெளிவாக இருந்தது. அதை வக்கீலிடம் சொன்னேன்.

"அது அவா தேசத்துக்கு எழுதினதும்மா. குளிர் தேசம். நம்ம ஊர் வெயிலுக்குப் பித்தளை தானே இளகிடும்" என்றார். உயர் நீதிமன்றத்தில் வாதாடுகிறவர். நான் டைப்ரைட்டருக்குத் திரும்பிவிட்டேன்.

ஐப்பசி மழை முழுவதும் கூடுகள் கொட்டிலில் ஒரு தகர டப்பாவில் இருந்தன. கார்த்திகையில் டப்பா கிளப்புக்கு வந்தது. நான் வாங்கி அலமாரியில் வைத்தேன். மூன்றாம் நாள் கமிட்டியின் முன்னால் மேஜர் டப்பாவைத் திறந்தார். பாதிக்குமேல் கூடுகளில் கழுத்திலிருந்து நீளவாட்டில் விரிசல்.

எல்லோரும் ஒரே திசையில் திரும்பினார்கள். அங்கே நான் நின்றுகொண்டிருந்தேன்.

"டப்பாவைக் கீழே போட்டியா?" என்றார் மேஜர்.

"இல்லை சார்."

"ஈரத்துல வெச்சியா?"

"அலமாரி சாவி உங்ககிட்டதான் சார் இருக்கு."

இது அவருக்குப் பிடிக்கவில்லை. "இதுக்குத்தான் சொன்னேன். பொம்பளைப் பிள்ளையை ஸ்டோர் பக்கமே விட்டிருக்கக் கூடாது. டைப்புக்கும் வேற ஆளைப் பார்த்துக்கலாம்" என்றார்.

ஒரு கூட்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அந்த விரிசலை எனக்குத் தெரியும். எட்டு வயதில் ஒரு மழைக்காலம். நைனா தட்டி வைத்திருந்த புதுச் சொம்புகளைப் பக்கத்து வீட்டு எருமை கட்டும் இடத்தில் கொண்டுபோய் அடுக்கிவிட்டேன், வீடு ஒழுகியதால். பத்து நாளில் ஆறு சொம்பு யாரும் தொடாமலே நீளவாட்டில் வெடித்தன. அன்றைக்கு விழுந்த அடி முதுகில் பல நாள் இருந்தது. தட்டிய பித்தளையை நெருப்பில் இளக்காமல் மாட்டு மூத்திர வாடையில் வைக்கக் கூடாது என்பது அந்த அடியோடு சேர்ந்து உள்ளே போயிற்று.

அதைச் சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். புத்தகத்தில் படித்தேன் என்று சொல்லலாமென்றால் அதில் மாட்டுக் கொட்டில் இல்லை. சொல்லாவிட்டால் வேலை இல்லை. என் எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழில் இதற்குப் பதில் கிடையாது.

"சார், இது கீழே விழுந்து வந்த விரிசல் இல்லை. அழுத்தின பித்தளைக்குள்ள இறுக்கம் இருக்கும். இளக்காம மாட்டுக் கொட்டில்ல வெச்சா அந்த வாடையில தானா வெடிக்கும். என் அப்பா பாத்திரம் தட்டறவர். எங்க வீட்டுல இப்படி வெடிச்சு நான் அடி வாங்கியிருக்கேன்."

வக்கீல் எழுந்தார். முகம் சிவந்திருந்தது.

"பசுவைக் குத்தம் சொல்றியா நீ?"

"பசுவைச் சொல்லலை சார். இடத்தைச் சொல்றேன்."

"லக்ஷ்மி வாசம் பண்ற இடம் அது!"

அரை மணி நேரம் பசுவைப் பற்றியே பேசினார்கள். கடைசியில், புதிதாக இருபது கூடுகள் செய்து, பத்தை இளக்கி, பத்தை அப்படியே விட்டு, இருபதையும் கொட்டிலில் வைத்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. வக்கீலின் வற்புறுத்தலால், 'இச்சோதனை பசுவின் மீது எவ்விதப் பழியையும் சுமத்துவதாகாது' என்று தீர்மானத்தில் சேர்த்து நான் டைப் அடித்தேன். சோதனை பொய்த்தால் பெயர் கெடுவது பசுவுக்கல்ல, எனக்குத்தான் என்பதை எந்தத் தீர்மானத்திலும் சேர்க்கவில்லை.

இளக்கும் வேலைக்கு நைனாவிடம் பத்துக் கூடுகளைக் கொண்டுபோனேன். ஒன்றை விரல் நுனியில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இன்னாமா இது, இத்தினிக்காண்டு சொம்பு? எலிக்குக் கண்ணாலமா?"

"துப்பாக்கித் தோட்டா, நைனா."

"அத்த ஏன் என்னாண்ட எடுத்தாந்த? உங்க ஆபீஸ்ல படிச்சவங்க யாரும் இல்லியா?" என்று சிரித்துக்கொண்டே அடுப்பில் போடப் போனார். கையைப் பிடித்து நிறுத்தினேன். அடிப்பக்கம் சூடாகக் கூடாது, வாய் மட்டும்தான் என்று புத்தகத்தில் படித்ததைச் சொன்னேன்.

"முய்சா சுட்டா இன்னா ஆவும்?"

"சுடறவர் மூஞ்சியில வெடிக்கும்."

"அப்ப உங்க மேஜருக்குப் போடறது முய்சா சுட்டுத் தரட்டா?" என்றார். பிறகு ஒரு தட்டில் தண்ணீர் விட்டு, கூடுகளைப் பாதி முங்க நிறுத்தி, வாயில் மட்டும் நெருப்பைக் காட்டினார்.

மழை இன்னும் விட்டபாடில்லை. மூன்று வாரம் கழித்து டப்பா வந்தது. இந்தத் தடவை வக்கீலே கையில் எடுத்துக்கொண்டு, ஆட்டோவில் வந்து இறங்கினார். இளக்காத பத்தில் ஏழு வெடித்திருந்தன. நைனா இளக்கியவற்றில் ஒன்றுகூட வெடிக்கவில்லை. மேஜர் பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு விரிசலாவது கிடைக்கும் என்று தேடினார் என்றே நினைக்கிறேன். பிறகு கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, "நமது ஆராய்ச்சி வெற்றி" என்றார்.

அறிக்கையையும் நான்தான் அடித்தேன். இரண்டு பக்கம். செயலாளரின் தொலைநோக்கு, வக்கீலின் விஞ்ஞான மனப்பான்மை, பசுவின் குற்றமின்மை எல்லாம் அதில் உண்டு. 'ஒரு பாத்திரத் தொழிலாளியின் உதவியுடன்' என்று நான் ஒரு வரி சேர்த்தேன். மேஜர் அதைச் சிவப்பு மையில் கோடு போட்டு நீக்கினார். மறுபடி சேர்த்து அடித்துக் கொடுத்தேன். மூன்றாம் தடவை கை ஓய்ந்து கையெழுத்துப் போட்டார்.

மருந்தும் குண்டும் அடைத்த புதுக் கூடுகளோடு, தை மாதத்தில் ரைபிள் முதன்முதலாகச் சுட்டது. குறியில் படவில்லை, ஆனால் சுட்டது. அன்று மாலை மேஜர் சாவியை என் மேஜைமேல் வைத்தார்.

"எதுக்கும் ஆறு மாசம் பார்ப்போம். டைப்பும் நீதான் அடிக்கணும்."

"நியமனக் கடிதம் அடிச்சு வெச்சிருக்கேன் சார். அதுல நிரந்தரம்னு போட்டிருக்கு" என்று நீட்டினேன்.

அவர் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் ஜன்னல் வழியாக மழையில்லாத வானத்தைப் பார்த்தார். மேஜர் பேனாவைத் திறந்தார்.

அந்தக் கிளப்பில் இதுவரை பெண் உறுப்பினர் கிடையாது. கூடாது என்று விதியில் எங்கும் எழுதியிருக்கவில்லை. நான் விதிப்புத்தகத்தை முழுவதும் படித்துவிட்டேன், அங்கே அதைப் படித்திருப்பவள் அநேகமாக நான் ஒருத்திதான். முன்மொழிய ஓர் உறுப்பினர் போதும். போன வாரம் வக்கீலிடம் படிவத்தை நீட்டினேன். "சுடப் போறியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் மூக்கைச் சொறிந்துகொண்டிருந்துவிட்டு ஒப்பமிட்டார்.

அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் முதல் பொருளாக என் விண்ணப்பத்தைப் போட்டு, எல்லா உறுப்பினர்களுக்கும் விலாசம் எழுதி, நேற்று மாலை லஸ் முனையில் இருக்கும் தபால் பெட்டியில் சேர்த்துவிட்டேன்.